வெள்ளம் பார்த்த இரண்டு மிருதங்கம்: எதைக் கட்டுவது, எதை விடுவது

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் ஆற்றங்கரையை ஒட்டிய தெருக்களுக்குள் புகுந்தது. அப்படித் தண்ணீர் ஏறிய ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தவை இந்த இரண்டு மிருதங்கமும். ஒன்று 24 அங்குலத் தக்கு, அதாவது தாழ்ந்த சுருதி; மற்றது 22 அங்குல ஹெச்சு, அதாவது உயர்ந்த சுருதி. இரண்டும் பலாக் கட்டை. மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. பிறகு ஆறு வாரம் மூலையில் சாய்த்து வைத்தபடியே இருந்தன. 2025 பொங்கல் முடிந்த கையோடு மேசைக்கு வந்தன. தக்குவைக் கட்டியாயிற்று. ஹெச்சுவை விட்டாயிற்று. ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மிருதங்கத்தில் தோல் தேயும், இரண்டு தலையையும் இழுத்துப் பிடிக்கும் வார் தளரும், வலது தலை நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணை உதிரும். தினமும் வாசிப்பவருக்கு வலந்தலை, அதாவது வலது தலை, மாதக்கணக்கில்தான் தாங்கும். புதிதாக வாங்கிய மிருதங்கத்துக்கும் இந்தச் செலவு வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் மூட்டு, அதாவது வாயில் கட்டும் தோல் தலை, கிழிந்திருப்பதைப் பார்த்துப் பழைய மிருதங்கத்தைக் கழிப்பதும் தவறு, மூட்டு நன்றாக இருக்கிறதே என்று கட்டையைப் பார்க்காமல் பணம் போடுவதும் தவறு. முடிவு கட்டையில் இருக்கிறது. தோலை முழுக்கக் கழற்றி, கட்டையை வெறுமையாக்கி, எடை நிலைக்கும்வரை உலர்த்திய பிறகே அந்த முடிவை எடுக்க முடியும்.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இசைக்கருவி செய்பவர்களிடம் உள்ள மதிப்பு இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. வயதான மரத்தின் வைரத்தில், அதாவது முற்றிய உள்மரத்தில், கடைந்த கட்டை கையில் இருக்கும்போது அதை அவசரப்பட்டு விறகுக்கு அனுப்பக் கூடாது.

வாரை எப்படிக் கழற்றுவது

வெள்ளத்தில் நனைந்த மிருதங்கத்துக்கு முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: வாரைத் தளர்த்துவது. இந்த இரண்டுக்கும் அது நடக்கவில்லை. ஊறிய கட்டை விரியப் பார்க்கும். வாயைச் சுற்றியுள்ள சாட்டை எருமைத்தோல் பின்னல். அது மரத்தைவிடச் சீக்கிரம் காயும், காயக் காய இறுக்கும். விரிய இடமில்லாமல் மரத்தின் நார் நசுங்கும். பின்னால் அந்த மரமும் காய்ந்து சுருங்கும்போது, நசுங்கிய அளவுக்குக் கூடுதலாகச் சுருங்கி வெடிப்பு விழும். வெள்ளத்துக்குப் பிறகு தெரியும் வெடிப்பில் பாதி தண்ணீர் செய்தது, மீதி இறுக்கமாகவே விட்ட வார் செய்தது.

கழற்றுமுன் இரண்டு தலையையும் நேர் மேலிருந்து படம் எடுத்து, வார் நுழையும் பதினாறு கண்ணுக்கும் கட்டையில் பென்சிலால் எண் போட்டோம். கரணையின் விட்டத்தையும் நடுக் கனத்தையும் அளந்தோம். தக்குவின் கரணை 76 மில்லிமீட்டர் விட்டம். ஓரம் பெயர்ந்திருந்தாலும் நடுப்பகுதி மிஞ்சியிருந்தது. புதிய மூட்டுக்கு இந்த அளவு அப்படியே வேண்டும் என்பதில்லை. ஆனால் பழைய கைகாரர் இந்தக் கட்டைக்கு எவ்வளவு எடை ஏற்றினார் என்று மூட்டு கட்டுபவருக்குச் சொல்ல அது உதவும்.

வாரை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போகக் கூடாது. எதிரெதிராக வெட்ட வேண்டும்: முதல் கண், ஒன்பதாவது கண், ஐந்தாவது, பதின்மூன்றாவது என்று மாற்றி மாற்றி. இழுவை ஒரு பக்கம் மட்டும் நீங்கினால், ஏற்கெனவே வெடித்த கட்டை அந்தக் கணத்திலேயே வாய் திறக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அழுகிய தோலிலும் பூஞ்சையிலும் தூசி கிளம்பும்.

தோல்களைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம். சேற்று நீரில் மூன்று நாள் ஊறிய வாரை விரலில் மடித்தால், மடிப்பின் மேல்பக்கம் பொடிப்பொடியாக வெடிக்கிறது. அந்த வார் இழுவை தாங்காது. வலந்தலையின் ஓர் அடுக்கான கொட்டுத்தட்டு ஆட்டுத்தோல். அதில் கரும்புள்ளி படிந்திருந்தால் அந்த இடத்தில் நார் செத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மிருதங்கத்திலும் தோல் என்று எதுவும் மிஞ்சவில்லை. சாட்டையை மட்டும் அளவுக்காக எடுத்து வைத்தோம்.

இடது தலையான தொப்பியில், கனத்த ஓசைக்காக வாசிக்குமுன் பூசும் ரவைப் பூச்சு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. இது வெள்ளத்தின் குற்றமல்ல. வாசித்து முடித்ததும் ரவையை வழித்தெடுக்காமல் விட்டால் பூச்சி தேடி வரும், தோலும் அந்த வட்டத்தில் மக்கும்.

உலர்த்துவது

உள்ளே படிந்த வண்டலைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தோம். பூஞ்சை தெரிந்த இடங்களில் மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்தோம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மரத்துக்குள் உப்பு தங்கும், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெயிலில் வைக்கவே கூடாது. மரம் பக்கவாட்டில் காய்வதைவிட நார் முனையில், அதாவது இரண்டு வாய் விளிம்பிலும், பல மடங்கு வேகமாகக் காயும். விளிம்பு சுருங்கி நடு சுருங்காமல் இருந்தால் வாயிலிருந்து வெடிப்பு ஓடும். விளிம்பை மட்டும் பாலிதீன் தாளால் சுற்றி டேப் ஒட்டி, உட்குழியைத் திறந்தே விட்டோம். வடக்குத் தாழ்வாரத்தில் இரண்டு செங்கல் மேல் ரீப்பர் போட்டு, கட்டையைக் கிடைமட்டமாக வைத்து, தினம் கால் சுற்று திருப்பி வைத்தோம். மின்விசிறி இரண்டாவது வாரத்திலிருந்துதான், அதுவும் ஆறேழு அடி தள்ளி, குறைந்த வேகத்தில்.

எப்போது காய்ந்தது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தராசு சொல்லும். மளிகைக்கடையில் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் தராசு போதும். தக்குக் கட்டை முதல் நாள் 5,880 கிராம். முதல் வாரம் 210 கிராம் இறங்கியது, அடுத்த வாரம் 110, பிறகு 70, 45, 25, ஆறாவது வாரம் 10. ஆக 5,410 கிராமில் நின்றது. வெளியே கை வைத்தால் காய்ந்தது போலவே தெரிந்த அந்தக் கட்டைக்குள் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர் இருந்திருக்கிறது. ஒரு வாரத்து இறக்கம் மொத்த எடையில் 0.2 சதவீதத்துக்கு மேல் போகாதபோதுதான் உலர்ந்தது என்று கணக்கு. ஊசி வைத்துப் பார்க்கும் ஈரமானி இருந்தால் உட்சுவரில் குத்திப் பாருங்கள். கடலூர்க் காற்றில் நிழலில் கிடக்கும் மரம் 13 முதல் 16 சதவீத ஈரத்தில் நிற்கும். 20க்கு மேல் காட்டினால் பூஞ்சை இன்னும் உயிரோடிருக்க வாய்ப்பு உண்டு. ஒட்டு வேலையைத் தொடங்கக் கூடாது.

இந்த ஆறு வாரம்தான் எல்லோருக்கும் பொறுமை போகும் இடம். அவசரப்பட்டு மூட்டு கட்டிவிட்டால், கட்டை உள்ளே சுருங்கச் சுருங்கச் சுருதி தானாக இறங்கும். வாரை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள், தோல் கிழியும். பழி தோல்மீது விழும்.

வெறும் கட்டையைப் பரிசோதித்தது

இருட்டறையில் கட்டைக்குள் ஒரு டார்ச்சை வைத்து இரண்டு வாயையும் துணியால் மூடினால், சுவரைத் துளைத்துப்போன வெடிப்பு வெளிச்சக் கோடாகத் தெரியும். மேற்பரப்பில் மட்டும் உள்ள கீறலில் வெளிச்சம் வராது. தக்குக் கட்டையின் வெளிப்புறத்தில் ஒன்பது கீறல் எண்ணினோம். வெளிச்சம் வந்தது ஒன்றில் மட்டும். தொப்பி விளிம்பில் தொடங்கி உள்நோக்கி 11 சென்டிமீட்டர், விளிம்பில் 1.4 மில்லிமீட்டர் அகலம். மற்ற எட்டும் தோற்றக் குறைதான், ஓசையைத் தொடாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. கட்டைக்குள் கயிறு நுழைத்துத் தொங்கவிட்டு, நடுவயிற்றில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். திடமான கட்டை ணங்கென்று பேசி ஒரு கணம் நிற்கும். உளுத்த கட்டை சொத்தென்று விழும். திறந்த வெடிப்பு இருந்தால் ஓசையோடு ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். வெடிப்பின் இரண்டு உதட்டையும் விரலால் அழுத்திப் பிடித்துத் தட்டும்போது அது நின்றால், ஒட்டினால் சரியாகும் என்று துணிந்து சொல்லலாம். தக்குவில் கரகரப்பு நின்றது.

வாயின் வட்டத்தை நான்கு திசையில் அளக்க வேண்டும். தக்குவின் வலந்தலை வாய் 168, 168, 167, 169 மில்லிமீட்டர். பழைய கட்டைக்கு இது அருமையான வட்டம். ஹெச்சுவில் 159ம் 153ம் வந்தது. ஆறு மில்லிமீட்டர் கோணல் இருக்கும் வாயில் பதினாறு கண்ணும் ஒரே சுருதியில் நிற்காது. ஒரு பக்கம் தோல் தளர்ந்தும் இன்னொரு பக்கம் இறுகியும் இருக்கும்; சாட்டையைத் தட்டிச் சேர்த்தாலும் பத்து நிமிடத்தில் பிரிந்துவிடும். மூன்று மில்லிமீட்டர்வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அளவு.

விளிம்பின் மட்டத்துக்கு கிரானைட் சமையல் மேடை போதும். விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, மேடைமேல் கவிழ்த்து ஒரு சுற்று சுற்றினால், சாக்பீஸ் அழியாத இடம் பள்ளம். கரடுமுரடை எடுக்க 120ஆம் எண் உப்புத்தாளை மேடையில் ஒட்டி அதன்மேல் கட்டையைச் சுற்றித் தேய்க்கலாம், பிறகு 220. ஆனால் அதிகம் தேய்க்கக் கூடாது. மிருதங்கம் நடுவில் பருத்து வாயில் குறுகியது. விளிம்பைக் குறைக்கக் குறைக்க வாய் அகலும், அகலும் அளவுக்குச் சுருதி இறங்கும்.

ஹெச்சு ஏன் தேறவில்லை

கோணல் மட்டும் காரணமில்லை. வலந்தலை விளிம்பைச் சுற்றி ஊசி முனை அளவில் நாற்பதுக்கு மேல் வட்டத் துளைகள். துளை இருப்பதாலேயே பூச்சி உயிரோடிருக்கிறது என்று ஆகாது. அதற்கு ஒரு சோதனை உண்டு: ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வட்டமிட்டு, கீழே கறுப்புத் தாள் விரித்து, கட்டையை அசைக்காமல் இரண்டு வாரம் விட வேண்டும். ஒன்பதாம் நாள் காலை கறுப்புத் தாளில் நான்கு இடத்தில் மைதா போல மெல்லிய மாவு, சின்னச் சின்னக் குவியலாக, துளைகளுக்கு நேர் கீழே இருந்தது. விரலில் தேய்த்தால் நறநறப்பே இல்லை. உயிருள்ள புழுவின் வேலை அது.

இந்தப் பூச்சி பலாவின் வெளிறிய வெளிமரத்தைத்தான் தின்னும். மஞ்சளாக இருந்து வயதில் பழுப்பேறும் வைரத்தைப் பெரும்பாலும் தொடாது. ஹெச்சுக் கட்டை சிறுத்த மரத்தில் கடைந்தது. வாய்ப்பக்கச் சுவரில் பெரும்பகுதி வெளிமரம். குத்தூசியை அழுத்தியபோது 12 மில்லிமீட்டர் சுவரில் 9 மில்லிமீட்டர் உள்ளே போயிற்று. வாரின் முழு இழுவையையும் தாங்குவது அந்த விளிம்புதான்.

கெட்ட பகுதியை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். குறைந்தது 25 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும். இந்தக் கட்டையின் சரிவுக்கு வாய் ஏழு எட்டு மில்லிமீட்டர் அகலும், அதே இழுவையில் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கும் (இங்கே கட்டை என்பது மரமல்ல, சுருதியின் அளவு). ஐந்தரைக் கட்டைக்குச் செய்த மிருதங்கம் ஐந்தில் நிற்கத் திணறும். அறுத்த பிறகு கிடைக்கும் புது விளிம்பும் வெளிமரம்தான், அதிலும் புழு ஓடியிருக்கும். விட்டுவிடுவதே நியாயம் என்று முடிவானது.

தூக்கி எறியவில்லை. தடித்த பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஓடும் பெட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தோம். அதில் புழு சாகும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் குளிர்ந்த மரத்தில் ஈரம் வியர்க்கும். துறைமுக ஊரில் ஃபிரீசருக்குப் பஞ்சமில்லை. மீன் வாடை ஏறாமல் பை இரட்டையாக இருக்கட்டும். கட்டையின் நடுவயிற்றுப் பகுதி நல்ல வைரம். தக்குவின் வெடிப்பை அடைக்கும் சிலாம்பு, அதாவது மெல்லிய மரச் சீவல், அதிலிருந்து எடுத்தது. ஒரே வீட்டில், ஒரே காற்றில் அத்தனை வருடம் இருந்த பலா. இதைவிடப் பொருத்தமான ஒட்டு மரம் மரவாடியில் கிடைக்காது.

தக்குவின் வெடிப்பை அடைத்தது

இந்த வேலைக்கு மாதம் பார்க்க வேண்டும். மே மாதக் காய்ச்சலில் வெடிப்பு முழுக்கத் திறந்திருக்கும். அப்போது இறுக்கமாக அடைத்தால் ஐப்பசி மழையில் மரம் உப்பும்போது சிலாம்பு ஆப்பாக மாறி வெடிப்பை நீட்டும். மழையில் அடைத்தால் கோடையில் இடைவெளி விழும். பிப்ரவரிக் கடைசி, மார்ச் முதல் வாரம் நடுத்தரமான காலம். தக்குவின் எடை நின்றதும் சரியாக அப்போதுதான்.

வெடிப்பின் உள்முனையில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டோம், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. மெல்லிய ரம்பத்தால் வெடிப்பை முழு நீளத்துக்கும் ஒரே அகலமாக, 2 மில்லிமீட்டராக ஆக்கினோம். சிலாம்பு வெளியே 2.2, உள்ளே 1.8 மில்லிமீட்டர் என்று லேசான ஆப்பு வடிவம். நார் ஓட்டம் கட்டையின் நார் ஓட்டத்தோடு சேர்ந்தே போக வேண்டும், குறுக்கே போனால் இரண்டும் வெவ்வேறாக உப்பும். மெதுவாக இறுகும் அரால்டைட், இரண்டு குழாயிலும் சம அளவு, மூன்று நிமிடம் கலக்கி இரண்டு பக்கமும் தடவிச் சிலாம்பைக் கையழுத்தத்தில் இறக்கினோம். சுத்தியல் வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, கட்டையைச் சுற்றி இழுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கும். உருண்டையான கட்டைக்கு இரும்புக் கிளாம்ப் அப்படிப் பிடிக்காது. மூன்று நாள் தொடவில்லை. பிறகு உளியால் சீவி, உள்பக்கம் 4 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பருத்தித் துணிப் பட்டை ஒன்றை அதே பசையில் ஒட்டினோம்.

மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைப்பது மேற்கீறலுக்குச் சரி. துளைத்த வெடிப்புக்கு அது பொய்யான அடைப்பு. வாரைப் பிடித்த அன்றைக்கே கோடு தெரியும். ஆணி, இரும்புப் பட்டை இரண்டும் கூடவே கூடாது. கடற்காற்றில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

தொப்பி வாய்ப்பக்கம் கொஞ்சம் வெளிமரம் இருந்ததால் பூச்சி அண்டாமல் இருக்கப் போரான் பூசினோம். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பூச்சு, உள்ளும் புறமும். ஒட்டு வேலைக்கு முன்னால் இதைச் செய்தால் பசை பிடிக்காது. பூசியபின் மறுபடி இரண்டு வாரம் உலர வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாடை வருடக்கணக்கில் போகாது, ஒட்டும் பூச்சும் அதன்மேல் நிற்காது.

மூட்டும் கரணையும்

இதை வீட்டில் முயல வேண்டாம். தோல் பதம் பார்ப்பதும் சாட்டை பின்னுவதும் தலைமுறையாகக் கைமாறிய தொழில். தஞ்சாவூரிலோ சென்னையிலோ பழகிய கைகாரரிடம் கட்டையையே கொண்டுபோய்க் கொடுங்கள். அளவை மட்டும் போனில் சொல்லி மூட்டு வாங்கினால் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எல்லாம் கெடும். எந்தச் சுருதிக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தத் தக்கு இரண்டு கட்டைக்குச் சொல்லப்பட்டது. இதே கட்டையில் நாலு கட்டை எட்ட வேண்டும் என்று இழுத்தால் தோலும் போகும், அடைத்த வெடிப்பும் போகும்.

கரணைக்குக் கிட்டக்கல் பொடியும் குழையக் குழையப் பிசைந்த சோறும். சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து, ஒரு படலம் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே போகப் போக வட்டம் சிறுக்கும். அந்தத் தேய்ப்பில்தான் கரணை முழுக்க மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவை இருப்பதால்தான் கல் போன்ற அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டும் தோல் வளைந்து அதிர முடிகிறது. நடுவில் ஏறும் இந்த எடைதான் தோலின் மேல்சுரங்களை அடிப்படைச் சுருதியின் மடங்குகளாகச் சேர்த்துவைக்கிறது. சி. வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதிக் காட்டியது இதைத்தான். அதனால் ஓரம் பெயர்ந்த கரணையில் அந்த ஓரத்தை மட்டும் ஒட்டவைப்பது வீண்வேலை. எடை ஒருபக்கம் சாயும், மீட்டு, சாப்பு என்ற வலந்தலை அடிகள் இரண்டும் ஒரே சுருதியில் பேசாது. மழைக்காலத்தில் கரணை போடக் கொடுப்பதையும் தவிர்க்கவும். அடிப் படலம் காயாமல் மேலே ஏற்றினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

மூட்டு வந்த முதல் பத்து நாளும் சுருதி தினம் இறங்கியது. அது புது வார் நீள்வதால். பத்தாம் நாள் ஒருமுறை, மூன்றாம் வாரம் ஒருமுறை வார் பிடித்தபின் நின்றது. பிறகு டியூனர் செயலியை வைத்துப் பதினாறு கண்ணையும் பார்த்ததில், ஆறாவது கண்ணும் ஏழாவது கண்ணும் மட்டும் ஏறி நின்றன. சாட்டையை அந்த இடத்தில் கீழிருந்து மேல்நோக்கி இரண்டு தட்டு தட்டியதில் சேர்ந்தன. மேலிருந்து கீழே தட்டினால் ஏறும்.

அடைத்த வெடிப்பை மே கடைசியிலும், அடைமழை தொடங்கி மூன்று வாரம் ஆனபின்னும் மறுபடி பார்க்க வேண்டும். மூட்டு கட்டியபின் உள்ளே விளக்கு வைக்க முடியாது என்பதால், சிலாம்பின் இரண்டு பக்கமும் கட்டையின் வெளிப்புறத்தில் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளி 20.0 மில்லிமீட்டர் என்று வெர்னியரில் குறித்து வைத்திருக்கிறோம். மே 28 அன்று 19.9 இருந்தது.